பாசி ஊசியில் ஒரு தூண்டில் முள்

எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே ஓடும் பள்ளத்தில் முழங்கால் ஆழத்தில் நின்றால், அரை நிமிடத்துக்குள் கால் விரல்களைச் சுற்றிப் பொடிமீன்கள் கூடிவிடும். கொத்தும், விலகும், மறுபடி வந்து கொத்தும். குனிந்து பார்த்தால் முதுகு மட்டும் தெரியும். மேலிருந்து பார்த்தால் எல்லா மீனும் மணல் நிறம்தான். போன தை மாதம் ஒரு சாயங்காலம், வெயில் நன்றாகச் சாய்ந்திருந்த நேரம், அதில் ஒன்று கல்லில் உடம்பைத் தேய்க்கப் பக்கவாட்டில் புரண்டது. விலாவில் நீலமும் மஞ்சளும் பளீரென்று அடித்து அணைந்தன. முப்பது வருடமாக இந்தத் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டிருக்கிறேன், இந்த நிறத்தை அன்றுதான் பார்த்தேன்.

பள்ளம் என்று எங்கள் பக்கம் ஓடையைச் சொல்வோம். சத்தியமங்கலத்துக்கும் கோபிக்கும் இடைப்பட்ட ஊர்களில் இப்படிப் பல பள்ளங்கள் வடக்கே மலையடிவாரத்தில் பிறந்து பவானியில் போய் விழுகின்றன. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் அரக்கன்கோட்டை வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வயல் கசிவும் சேர்ந்து எங்கள் பள்ளம் சலசலவென்று ஓடும். வாய்க்காலை அடைத்துவிட்டால் ஆங்காங்கே கல்லுக்குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். பள்ளத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அந்த மீனைப் பக்கவாட்டில், நிதானமாக, உயிரோடு பார்க்க வேண்டும். வேண்டியது அவ்வளவுதான். சிறு வயதில் துண்டை இரண்டு பேர் விரித்துப் பிடித்து அரிப்போம். ஒரு அள்ளுக்கு இருபது, முப்பது வரும். ஆனால் துணியில் புரளும் மீனுக்குச் செதில் உரிந்துவிடும், பாதி செத்துவிடும். ஒன்றைப் பார்க்க முப்பதை அள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மீன், ஒரு தடவை, பார்த்ததும் திரும்ப விட்டுவிட வேண்டும். அதற்குத் தூண்டில்தான் வழி. உலகத்தில் இதை மைக்ரோஃபிஷிங் என்கிறார்கள். ஜப்பான்காரர்கள் தனாகோ என்ற விரல் நீள மீனைப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக மிகச் சிறிய முள் செய்து வருகிறார்கள். அவர்களுடைய ஒரு யென் நாணயம் குறுக்களவில் 20 மி.மீ. அதற்குள் அடங்கும் அளவு சிறிய மீனைப் பிடிப்பதை அங்கே பெரிய கைவண்ணமாக மதிக்கிறார்கள்.

கோபியில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் இருப்பதிலேயே சின்ன முள் கேட்டேன். முள்ளுக்கு எண் ஏற ஏற அளவு குறையும். கடைக்காரர் தேடி எடுத்துக் கொடுத்தது 16ஆம் எண். ஒரு பாக்கெட் வாங்கிவந்து, மண்புழு நுனியைக் கிள்ளிக் கோத்துப் போட்டேன். அடுத்த நொடியே தக்கை ஆடியது. தூக்கினால் முள் வெறுமையாக இருந்தது. அன்று சாயங்காலம் வரை நாற்பது தடவையாவது இரை போட்டிருப்பேன், ஒரு மீன்கூட மாட்டவில்லை. நாலு செ.மீ. மீனுக்கு வாய் இரண்டு மி.மீ. திறந்தால் பெரிது. அந்த முள் அதன் வாய்க்குள் போகவே போகாது. ஓரத்தைக் கொத்திக் கொத்தி இரையை மட்டும் உருவிக்கொண்டு போகிறது. ஜப்பான் முள்ளைத் தபாலில் வரவழைக்கலாம்தான். ஆனால் ஊசியும் இரும்பும் நூலும் புழங்கும் ஊரில் இருந்துகொண்டு ஒரு முள்ளை நானே செய்ய முடியாதா என்று தோன்றிவிட்டது.

முதலில் கை வைத்தது பனியன் மெஷின் ஊசியில். மச்சான் திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருக்கிறார். தேய்ந்து கழித்த ஊசி ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தார். நூலைப் பிடித்து இழுக்க அதன் தலையில் குட்டியாக ஒரு கொக்கி இருக்கும், அதை மூடித் திறக்க நாக்கு மாதிரி ஒன்று இருக்கும். கொக்கியைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். நாக்கை உடைத்தெடுத்துவிட்டு, கொக்கியின் மழுங்கல் முனையை எண்ணெய்க் கல்லில் தீட்டினேன். இரண்டு நாள் வேலை. பள்ளத்தில் போட்டால் மீன் வாயில் வாங்குகிறது, தூக்கினால் வழுக்கிவிடுகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்தக் கொக்கி ஒரு இழை நூல் உட்காருவதற்கு மட்டும் செய்தது. உள்வாய் அரை மி.மீ. இருக்கும். அதில் இரையை வைத்ததும் இடமே நிரம்பிவிடுகிறது, மீன் உதட்டைக் குத்த முனை வெளியே இல்லை. போதாததற்கு நாக்கு இருந்த இடத்தில் தண்டு இரண்டாகப் பிளந்த மாதிரி இருப்பதால், இரண்டு ஊசி அங்கேயே முறிந்தன. நல்ல எஃகுதான், ஆனால் வேறு வேலைக்காகப் பிறந்தது.

இரண்டாவது யோசனை வீட்டுக்குள்ளேயே கிடந்தது. மனைவி ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறார். அவருடைய டப்பாவில் பாசி கோக்கும் ஊசி ஒரு கட்டு இருந்தது. அரை மி.மீ.க்கும் குறைவான கனம், முனையில் பிறவிக் கூர்மை. இரண்டு கேட்டேன். "ஏனுங்க, வளைச்சு ஒடிச்சீங்கன்னா புதுக் கட்டு வாங்கிக் குடுத்துரோணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கடைசியில் இரண்டு கட்டு வாங்கிக் கொடுத்தேன்.

முதல் ஊசியை அப்படியே குறடால் வளைத்தேன். டிக்கென்று ஒடிந்து, நுனி எங்கேயோ பறந்துவிட்டது. இதைச் செய்து பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள்; பறந்த துண்டு இரண்டு நாள் கழித்து எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் குத்தி நின்றது தெரிந்தது. ஊசி விறைப்பாக இருப்பது அதைத் தயாரிக்கும்போது கொடுத்த பதத்தால். வளைக்க வேண்டுமென்றால் முதலில் அந்தப் பதத்தை இறக்க வேண்டும், வளைத்தபின் மறுபடி ஏற்ற வேண்டும். அரிவாள் அடிக்கும் பட்டறையில் செய்வதே இது, அளவுதான் பொடி.

கேஸ் அடுப்பின் சின்ன பர்னரில், சிம்மில், ஊசியின் முன்பாதியைக் குறடால் பிடித்துக் காட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் சிவந்துவிடும். சிவந்ததும் வெடுக்கென்று வெளியே எடுக்கக் கூடாது. தீயிலிருந்து மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டே வர வேண்டும், பத்து வரை எண்ணும் நேரம். அப்படி ஆறினால் ஊசி ஈயக் கம்பி மாதிரி சொன்னபடி கேட்கும். பலகையில் ஒரு ஊக்கின் தண்டை நட்டு, அதைச் சுற்றி வளைத்தேன். ஊக்கு ஒரு மி.மீ. கனம், அதனால் முள்ளின் உள்வாயும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வந்தது. பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பனியன் ஊசியில் பட்ட பாடே மறுபடியும். பிறகு பழைய சைக்கிள் ஸ்போக்கை நட்டு வளைத்தேன். ஸ்போக் சரியாக இரண்டு மி.மீ. இந்த அளவுதான் நின்றது. இரை வைத்த பிறகும் முனை எட்டிப் பார்க்கிறது, மீன் வாய்க்குள்ளும் போகிறது.

வளைத்தபின் தண்டை ஆறு மி.மீ. விட்டு வெட்டினேன். இந்த அளவில் முள்ளுக்குக் காது போட முடியாது. அதனால் வெட்டின முனையைச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டி, மண்வெட்டி இலை மாதிரி பட்டையாக்கினேன். கட்டும் நூல் அதைத் தாண்டி வழுக்கி வராது. தட்டுவது இளகிய நிலையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். பதம் ஏற்றிவிட்டுத் தட்டினால் தெறிக்கும்.

பதம் ஏற்றுவதில்தான் ஒரு வாரம் போனது. மறுபடி சிவக்கக் காய்ச்சி உடனே தேங்காய் எண்ணெயில் போட வேண்டும். சிவந்த முள்ளுக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால்கூட, இவ்வளவு மெல்லிய கம்பி காற்றிலேயே ஆறிவிடும். எண்ணெய்க் கிண்ணத்தைத் தீக்குப் பக்கத்திலேயே, ஆனால் தீ பிடிக்காத தூரத்தில் வைத்துக்கொண்டேன். பெரிய எண்ணெய்ப் பாத்திரம் வைக்காதீர்கள், ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். முதல் மூன்று முள்ளில் கூர்முனை கருகிப் போனது. மெல்லிய முனைதான் முதலில் எரியும். பிறகு வளைவின் அடியில் மட்டும் தீ படுகிற மாதிரி பிடித்து, முனைக்குச் சூடு தானாகப் பரவ விட்டேன். அதன் பிறகு முனை தப்பியது.

எண்ணெயிலிருந்து எடுத்த முள் கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தாலே உடையும். அந்த முரட்டு விறைப்பைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். இதற்குச் சமையலறையில்தான் விடை கிடைத்தது. ஆத்தா கடலைக்காய் வறுக்கிற மாதிரி, பழைய தோசைக்கல்லில் ஆற்று மணலைப் பரப்பிச் சூடேற்றினேன். முள்ளை உப்புத்தாளில் தேய்த்து வெள்ளையாக்கி மணல் மேல் வைத்தேன். எஃகு சூடாக ஆக நிறம் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில் மயில் கழுத்து நீலம். நீலம் வருவது சுமார் 300 டிகிரி செல்சியஸில். அந்த நீலம் தட்டுப்பட்டதும் எடுத்துவிட வேண்டும். இன்னும் விட்டால் சாம்பல் நிறமாகி மறுபடி இளகிவிடும். தணலுக்கு முன்னால் உட்கார்ந்து, ஆறு மி.மீ. கம்பியில் நிறம் ஊர்ந்து போவதைப் பார்ப்பது எனக்கு அலுக்கவே இல்லை. மஞ்சளில் எடுத்தது பாறையில் தட்டி உடைந்தது. சாம்பலாக விட்டதை ஒரு சின்ன மீனே நிமிர்த்திவிட்டது. நீலத்தில் எடுத்ததுதான் வளைந்து கொடுத்துத் திரும்ப நின்றது. கடைசியாக எண்ணெய்க் கல்லில் பூதக்கண்ணாடி வைத்து முனை தீட்டினேன். பதினான்கு செய்ததில் ஐந்து தேறின.

கடை முள்ளில் இருக்கும் எதிர்முள் இதில் கிடையாது. வேண்டவும் வேண்டாம். எதிர்முள் இருந்தால் கழற்றும்போது இந்தச் சின்ன உதட்டைக் கிழித்துவிடும். மீனை விட்டுவிடப் போகிறவர்களுக்கு அது வெறும் தொல்லை.

மற்றச் சாமான்கள் சுலபம். கோலுக்கு நாலடி மூங்கில் சிம்பு, அதன் தலையில் ஒரு முழம் தென்னை ஈர்க்கு. ஈர்க்கு முற்றிய பச்சை ஓலையில் சீவி, நிழலில் பத்து நாள் காயவிட்டு, எண்ணெய் தடவியது. வெயிலில் காயவைத்ததெல்லாம் கணுக்கணுவாக வெடித்துவிட்டது. நூல் 0.10 மி.மீ. நைலான். முள்ளில் ஆறு சுற்றுச் சுற்றிக் கட்டி, முடிச்சில் ஊசிமுனை அளவு ஃபெவிக்விக்.

தக்கைக்குச் சோளத்தட்டின் உள்ளே இருக்கும் நெட்டி. மாட்டுக்குப் போட்ட தட்டிலிருந்து ஒன்றை உருவி, தோலைச் சீவி, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக நறுக்கி, மனைவியின் சிவப்பு நகப்பூச்சைத் தடவினேன். தண்ணீர் ஊறாமல் இருக்கவும், கண்ணுக்குத் தெரியவும். எடைக்கு ஈயம் போட எனக்கு மனசில்லை, அறுந்து விழுந்தால் பள்ளத்திலேயே கிடக்கும். மோட்டார் வைண்டிங் கடையில் கீழே கிடந்த மெல்லிய செம்புக் கம்பியை எடுத்துவந்து நூலில் சுற்றினேன். இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தக்கை தண்ணீர் மேல் ஜம்மென்று மிதந்தால், பொடிமீன் வாய் வைத்ததும் அந்த மிதப்பு எதிர்த்து இழுக்கும், மீன் துப்பிவிடும். சொம்பில் தண்ணீர் வைத்து, கம்பியை ஒவ்வொரு சுற்றாக ஏற்றிக் குறைத்துப் பார்த்தேன். தக்கை மூழ்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை என்று தண்ணீர் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே நிற்க வேண்டும். பதினோரு சுற்றில் நின்றது. அப்படி அமைந்தால் மீன் மூச்சு விட்டால்கூடத் தக்கை அசையும்.

இரைக்கு முட்டை மஞ்சள் கருவில் மைதாவைக் குழைத்து மருதாணி கோனில் அடைத்துக்கொண்டேன். முள்முனையில் ஒரு சொட்டுப் பிதுக்கி, சுற்றி எடுத்தால் கடுகு அளவில் ஒட்டும். ஜப்பானிலும் தனாகோவுக்கு மஞ்சள் கருப் பசைதான். நம் மீனுக்கும் பிடிக்கும்.

அப்புறம் கண்ணாடிப் பெட்டி. மீனைக் கையில் வைத்துப் பார்க்கக் கூடாது, நம் உள்ளங்கை அதற்குச் சுடும். கண்ணாடிக் கடையில் 3 மி.மீ. கண்ணாடி வெட்டி, உள்ளளவு 10 செ.மீ. நீளம், 7 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலத்தில் சிலிக்கான் பசையால் ஒட்டினேன். அகலம் குறைவாக இருந்தால்தான் மீன் திரும்பி நிற்காமல் பக்கவாட்டில் நிற்கும். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சை பிடிக்காத பசை இதற்கு உதவாது, அதில் கலந்த மருந்து மீனுக்கு விஷம். சாதாரணப் பசையும் காயும்வரை காடி நெடி அடிக்கும். அந்த நெடி போன பிறகு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டுத்தான் பள்ளத்துக்கு எடுத்துப் போனேன். பெட்டி பிடிப்பது 210 மி.லி. அவ்வளவு தண்ணீரில் மீனுக்கு ஒரு நிமிடம் தாராளம், ஐந்து நிமிடம் கொடுமை. கைபேசியில் மணி வைத்துக்கொண்டேன்.

மாசி முதல் ஞாயிறு, காலை ஏழு மணி. ஆழமில்லாத இடத்தில் போட்டதும் மாட்டிய முதல் மீன் ஒரு கப்பி. வாலில் ஆரஞ்சும் கறுப்பும் விசிறி மாதிரி. பார்க்கப் பார்க்க அழகு, ஆனால் இந்த மண்ணின் மீன் கிடையாது. தென் அமெரிக்காவில் பிறந்தது. கொசுவை ஒழிக்கிறோம் என்று உலகம் முழுக்கச் சாக்கடையிலும் கிணற்றிலும் விட்ட வகை. இங்கே யார் விட்டார்களோ, பள்ளத்தின் ஓரமெல்லாம் இப்போது இதுதான். நிறத்தை மட்டும் வைத்து மயங்கிவிடக் கூடாது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். அதைத் திரும்பத் தண்ணீரில் விடவில்லை.

இடத்தை மாற்றினேன். கல்லுக்கு நடுவே தண்ணீர் பாய்ந்து விழுந்து நுரைக்கும் இடம், அதற்குக் கீழே ஒரு மார்பளவு குழி. நுரை ஓரத்தில் மேல்மட்டத்திலேயே விர்விர்ரென்று ஓடும் கூட்டம். இங்கே பசை எடுபடவில்லை, தண்ணீர் வேகத்தில் கரைந்துவிடுகிறது. தொட்டித் தண்ணீரில் அள்ளிவந்த கொசுப்புழு ஒன்றைக் கோத்துப் போட்டேன். தக்கை பக்கவாட்டில் ஓடியது. ஈர்க்கு வளைந்து துடித்தது, கையில் அந்தத் துடிப்பு ஒரு சின்ன இதயம் மாதிரி. தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினேன், முள் தானாகவே கழன்றது.

தையில் என்னை நிறுத்திய மின்னல் அதுதான். டெவாரியோ என்ற பேரினத்தைச் சேர்ந்த சிறு மீன். ஆறு செ.மீ. முதுகு பாசிப்பச்சை, விலாவில் எஃகு நீலம், நீலத்துக்கு நடுவே மஞ்சள் கோடுகள். செவுளுக்குப் பின்னால் அந்தக் கோடுகள் குறுக்குப் பட்டைகளாக உடைந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வாய் மேல்நோக்கித் திறக்கிறது, மேலே விழும் பூச்சியைத் தின்கிற மீனுக்கு ஏற்ற வாய். பெட்டியைத் திருப்பினால் வெளிச்சத்தின் கோணம் மாறி நீலம் பச்சையாகிறது. மணி அடித்தது. விட்டேன். அன்று இன்னும் மூன்று பிடித்தேன், மூன்றுமே அதே இனம், ஆனால் எதன் பட்டையும் மற்றதைப் போல இல்லை.

டெவாரியோவோடு இதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொரு பெயர் மனசில் இருந்தது. அருளி. 1849இல் ஜெர்டான் என்ற ஆங்கிலேய மருத்துவர் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது, ஒரு கெண்டைக்கு இங்கே வழங்கிய தமிழ்ப் பெயரையே லத்தீனாக்கி அருலியஸ் என்று வைத்தார். காவிரிப் படுகைக்கு வெளியே அந்த மீன் கிடையாது. 2012இல் அதையும் அதன் சொந்தங்களையும் தனிப் பேரினமாகப் பிரித்து, உயிரியல் எழுத்தாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவித்து டாக்கின்சியா என்று பெயரிட்டார்கள். ஆக முழுப் பெயர் டாக்கின்சியா அருலியஸ். ஊர்ப் பெயர் பின்னால் பத்திரமாக நிற்கிறது. அலங்கார மீன் கடைகளில் அருலியஸ் என்று விற்பது பெரும்பாலும் தாமிரபரணியிலிருந்து வந்த அதன் உறவுக்கார மீன். எங்கள் ஆற்றுக்கு அறிவியலில் இப்படி இன்னும் தடயங்கள் உண்டு. மலையோடையில் கல்லோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு மீன் வகைக்கு ஹோரா என்ற இந்திய மீனியலாளர் 1920இல் பவானியா என்று நம் ஆற்றின் பெயரையே வைத்தார்.

அருளி அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. பள்ளத்தின் பெயரை நான் சொல்லாததற்கு அதுதான் காரணம். காட்டுக்குள் இருக்கும் ஓடைக்குத் தூண்டிலோடு போகவும் கூடாது, போகவும் மாட்டேன். இது பட்டா நிலங்களுக்கு நடுவே ஓடும் பள்ளம், இங்கேயே இருக்கிறதா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அம்மாவின் ஊர் நொய்யல் கரை. சிறுமியாக இருந்தபோது ஆற்றில் குடத்தை அமிழ்த்தினால் குடத்துக்குள் மீன் வரும் என்பார். அதே ஆறு சாயத் தண்ணீரில் நிறம் மாறி ஓடி, கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அங்கே என்னென்ன மீன் இருந்தது என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "பொடிமீன் கண்ணு, கலர் கலரா" என்கிறார். அவ்வளவுதான் மிச்சம்.

மூன்று ஞாயிறு போய்ப் பார்த்தேன். மேல்மட்டத்தில் போட்டால் டெவாரியோ முந்திக்கொள்ளும். தக்கையை ஏற்றி, முள்ளைத் தரையைத் தொட்டும் தொடாமல் ஓடவிட்டேன், மண்புழுவில் கடுகளவு துண்டு. ஒரு அயிரை வந்தது. இரண்டு ஜிலேபிக் குஞ்சு வந்தன. பங்குனியில் வாய்க்கால் தண்ணீர் குறைந்ததும் பள்ளம் தெளிந்தது. நாவல் மர வேர் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில், நிழலில், அகலமான முதுகோடு நாலைந்து நிதானமாக நீந்துவது தெரிந்தது. டெவாரியோவின் அவசரம் அதில் இல்லை.

அன்று அப்பாரும் (தாத்தாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கூட வந்திருந்தார். வயது எண்பத்து நாலு. கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, "இத்தனூண்டு முள்ளுல என்ன சாமி மாட்டும்" என்று என் முள்ளை விரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். அவர் காலத்தில் இந்தப் பள்ளத்தில் சாக்கை விரித்து அரித்து, மிளகாய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பார்களாம். எல்லாமே கெண்டைக்குஞ்சுதான், பேர் என்ன வேண்டிக் கிடக்கிறது என்றார். அருளி என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "எங்கய்யன் சொல்லுவாரு... மீனத்தான் சொன்னாரோ என்னுமோ" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ஏழாவது தடவை தக்கை அசைந்தது. அசைவு என்றால் ஆட்டமில்லை, சும்மா ஓர் ஓரமாகச் சாய்ந்து நின்றது. மெல்லத் தூக்கினேன். கனமாக, வட்டமாக இழுத்தது. ஈர்க்கு வில்லாக வளைந்து தண்ணீரைத் தொட்டது. முள் நிமிர்ந்துவிடுமோ என்று பயம்தான், ஆனால் நீலப் பதம் தாங்கியது. பெட்டியைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி, மீனை அதற்குள் வாங்கித் தூக்கினேன். காற்று படவே இல்லை.

எட்டு செ.மீ. ஆண். முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல் நூலாகப் பிரிந்து வால் பக்கம் தொங்கின. விலாவில் மூன்று கறுப்புத் திட்டுகள், அவற்றுக்கு நடுவே உடம்பெல்லாம் ஊதாவும் செம்பும் கலந்த ஒரு பளபளப்பு, கழுவின செம்புக் குடத்தில் வானம் தெரிகிற மாதிரி. வால் ஓரத்தில் சிவப்பு. மூக்கின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொடிமணிகள், ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வருவது. அந்த மணிகளைப் பார்த்ததும், இன்றோடு இந்த இடத்தில் தூண்டில் போடுவதை மழைக்காலம் முடியும்வரை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பெட்டியை அப்பாரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, வெயிலுக்கு எதிராக உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மீன் அவரைப் பார்த்தபடி செவுளை அசைத்துக்கொண்டு நின்றது. "கண்ணு, இதுக்கு மீசை இருக்குது" என்றார். நான் கவனிக்கவில்லை. வாயின் இரண்டு பக்கமும் மெல்லியதாக ஒவ்வொரு மீசை, இருந்தது. "எத்தன தின்னுருப்பன். மீசை இருக்குதுன்னு தெரியாமயே போச்சே" என்று மறுபடி பார்த்தார். மணி அடித்தது. அவரே எழுந்து போய், வேருக்குப் பக்கத்தில் குனிந்து பெட்டியைச் சாய்த்தார். மீன் உடனே ஓடவில்லை. அவர் கையருகே ஒரு நொடி நின்று, வேருக்குள் போனது.

அன்றைக்கு நோட்டில் எழுதியது இவ்வளவுதான்: நாவல் வேர், காலை 9.20, எட்டு செ.மீ., ஒன்பதாவதாகச் செய்த முள், மண்புழு. ஐந்து முள்ளில் மூன்று மிச்சம்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாரு, கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்குமே கல்நக்கி, அதை ஒன்று பெட்டிக்குள் பிடித்துக் காட்டு என்றார். அது பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிற மீன், புழுவுக்கும் பசைக்கும் சட்டென்று வாய் திறக்காது. பாசியையே முள்ளில் எப்படி நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்போக் அளவு அதற்குப் பெரிது, ஒன்றரை மி.மீ. கம்பி ஒன்று தேட வேண்டும்.